உப்புக்காற்று ஊரில் துணிமணி காப்பது எப்படி? கடலூர், புதுச்சேரி வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நான் பிறந்து வளர்ந்தது சேலத்தில். அங்கே காலையில் காயப்போட்ட வேட்டி மத்தியானத்துக்குள் அப்பளம் மாதிரி மொறமொறவென்று ஆகிவிடும். கல்யாணமாகிக் கடலூர் திருப்பாதிரிப்புலியூருக்கு வந்தபோது அந்தப் பழக்கத்தோடுதான் வந்தேன். முகூர்த்தப் புடவையைக் கடையில் கொடுத்த பிளாஸ்டிக் உறையோடு அப்படியே பீரோவில் வைத்தேன். அடுத்த தை மாதம் ஒரு வளைகாப்புக்காக எடுத்தபோது முந்தானை ஜரிகை மடிப்புக்கு மடிப்பு கறுத்திருந்தது.

மாமியார் வாங்கி மோந்து பார்த்தார். "ஏம்மா, இது என்ன உங்க ஊரா? இங்க உறையில போட்டு மூடுனா புடவை வேர்க்கும்" என்றார்.

"இதைச் சரி பண்ண முடியாதா அத்தை?"

"கறுத்தது கறுத்ததுதான். மிச்சம் இருக்கறதைப் பாரு."

மிச்சத்தைப் பார்த்துக்கொள்ள நான் கற்றுக்கொண்டதுதான் இதெல்லாம். அவரிடம் கேட்டது பாதி, நானே கெடுத்துத் தெரிந்துகொண்டது பாதி.

முதலில் உப்பு

ஐப்பசி மாதத்தில் சமையலறை உப்பு ஜாடியைத் திறந்து வைத்துப் பாருங்கள், மறுநாள் காலை கசிந்து நிற்கும். உப்புக்குக் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கிற குணம் உண்டு. துணியில் உப்பு தங்கினாலும் இதே கதைதான். கையால் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், பீரோவுக்குள் போனபிறகு மெல்ல ஈரம் ஏறும். ஒரு வாரத்தில் ஒரு புழுங்கல் வாடை, ஒரு மாதத்தில் பூஞ்சை. ஜரிகை கறுப்பதும், கொக்கி துருப்பிடிப்பதும் இதே ஈரத்தால்தான் சீக்கிரம் நடக்கின்றன.

உப்பு மூன்று வழியில் வருகிறது. தேவனாம்பட்டினம் கடற்கரைக்கோ புதுச்சேரி கடற்கரைச் சாலைக்கோ போய்வந்தால் காற்றோடு வருவது ஒன்று. வியர்வை இன்னொன்று. மூன்றாவதைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை: போர் தண்ணீர். கடலை ஒட்டிய தெருக்களில் பல வீட்டு போரில் வருவது உவர்த்தண்ணீர். எவ்வளவு நல்ல சோப்புப் போட்டாலும் கடைசியாக அலசுவது அந்தத் தண்ணீரில் என்றால், உப்பைத் துணியிலேயே விட்டுத்தான் காயப்போடுகிறோம்.

அதனால் எங்கள் வீட்டில் ஒரு சட்டம். துவைப்பது எந்தத் தண்ணீரிலும் இருக்கலாம், கடைசி அலசல் நல்ல தண்ணீரில்தான். குழாய்த் தண்ணீர் ஒரு பக்கெட் தனியாகப் பிடித்து வைத்துவிடுவோம். மழைக்காலத்தில் மாடித் தண்ணீரைப் பிடித்தால் அதைவிட நல்லது, மழைநீரில் உப்பு கிடையாது. மெஷினில் போடுகிறவர்கள் கடைசி அலசல் சுற்று வரும்போது நிறுத்தி, நல்ல தண்ணீரை மேலிருந்து ஊற்றலாம். அது முடியாவிட்டால், நல்ல துணிகளை மட்டும் எடுத்துக் கையால் ஒருமுறை முக்கி எடுங்கள்.

உவர்த்தண்ணீர் பெரும்பாலும் கடினத் தண்ணீராகவும் இருக்கும். அதில் கட்டி சோப்பு நுரைக்காது, வெள்ளையாகத் திரிந்து துணியில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். வெள்ளைத் துணி சாம்பல் நிறமாக மாறுவதற்கு முக்கால்வாசிக் காரணம் இந்தத் திரிந்த சோப்புதான். பருத்திக்கு சோப்புத்தூள் பரவாயில்லை. ஒரு பக்கெட்டுக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா கலந்துவிட்டுப் பிறகு தூள் போட்டால் தூளும் குறைவாகச் செலவாகும். பட்டுக்கும் கம்பளிக்கும் சோடா கூடவே கூடாது. அவை இரண்டும் புரத இழை, காரம் பட்டால் இழை நலிந்துபோகும்.

காயப்போடும் நேரம்

வெயில் வந்ததும் துணியைக் காயப்போட வேண்டும் என்பது எல்லா ஊருக்கும் பொது. நம்மூரில் காற்றையும் பார்க்க வேண்டும். வைகாசி, ஆனி மாதங்களில் காலையில் மேல்காற்று, அதாவது மேற்குக் காற்று அடிக்கும். நிலத்தின் மேல் வருகிற சூடான, வறண்ட காற்று அது. மத்தியானம் ஒரு மணி, இரண்டு மணிக்குத் திசை மாறிக் கடற்காற்று உள்ளே வரும். நமக்குச் சுகமாக இருக்கும், துணிக்கு ஆகாது. மூன்று மணிக்கு மேல் கொடியில் கிடக்கிற துணி காய்வதைவிட ஈரம் வாங்குவதுதான் அதிகம். காலை எட்டு மணிக்குள் காயப்போட்டு, கடற்காற்று எழும்பும் முன்னால் எடுத்துவிட வேண்டும். பீரோவைத் திறந்து காற்றாட விடுவதும் இதே நேரத்தில்தான். சாயங்காலம் "காத்து நல்லா வருது" என்று பீரோவைத் திறந்து வைக்கிறவர்கள் கடலையே உள்ளே கூப்பிடுகிறார்கள்.

எடுத்த துணியைச் சூட்டோடு மடித்து உள்ளே வைக்காதீர்கள். இஸ்திரி போட்டு வந்த துணிக்கும் இதுதான் விதி, அதில் நீராவி இருக்கும். ஒரு மணி நேரம் மின்விசிறிக்குக் கீழே விரித்து வைத்து ஆறிய பிறகே பீரோவுக்குள் போகட்டும்.

கறை: நம்மூர்க் கறைகள் மட்டும்

காபி, எண்ணெய், இங்க் கறைக்கெல்லாம் ஊரெல்லாம் வைத்தியம் சொல்லிவிட்டார்கள். எண்ணெய் என்றால் உடனே பவுடரைத் தூவி உறிஞ்சவிட்டு, பிறகு பாத்திரம் கழுவும் திரவத்தைத் தேய்க்க வேண்டும். பால்பாயிண்ட் மைக்குக் கை சானிடைசர். ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர், சுடுதண்ணீர் பட்டால் கறை இறுகிவிடும். இவ்வளவு போதும். நம்மூர்க்காரர்களைப் பாடாய்ப் படுத்துகிற கறைகள் வேறு.

பலாப்பால். பண்ருட்டி பலா வந்துவிட்டால் யாராவது ஒருவர் சட்டையில் பிசினை ஒட்டிக்கொள்ளாமல் பழம் அறுப்பதில்லை. அதன்மேல் தண்ணீர் விட்டால் தீர்ந்தது, இறுகிக்கொள்ளும். கத்திக்குத் தடவுகிற அதே தேங்காய் எண்ணெயைக் கறையிலும் தடவி கால் மணி நேரம் விடுங்கள். பிசின் இளகும், மொண்ணையான கரண்டிக் காம்பால் சுரண்டி எடுங்கள். மிச்சம் இருந்தால் இன்னொரு முறை எண்ணெய். இப்போது துணியில் இருப்பது எண்ணெய்க் கறை மட்டும்தான், பாத்திரத் திரவத்தால் தேய்த்து அலசினால் போய்விடும். பட்டில் ஒட்டினால் கை வைக்காமல் சலவைக்காரரிடம் கொண்டுபோங்கள்.

முந்திரிப்பழச் சாறு. சொட்டும்போது நிறமே இருக்காது, இரண்டு நாள் கழித்துத் துரு மாதிரி பழுப்பாக எழும்பும். சொட்டிய அந்த நிமிடமே நிறையத் தண்ணீர் விட்டு அலசினால் கொஞ்சம் தப்பிக்கலாம். காய்ந்துவிட்டால் எனக்குத் தெரிந்து முழுக்கப் போக வழியில்லை. வாழைக்கறையும் இதே ஜாதி. முந்திரித் தோப்புக்குப் போகும்போது பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு போங்கள்.

மஞ்சள். இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும், ஏனென்றால் என் நாத்தனார் ஒருமுறை அலறிவிட்டாள். நலங்கு முடிந்து வெள்ளை வேட்டியில் மஞ்சள் பட்டிருக்கிறது, சோப்பை எடுத்துத் தேய்த்திருக்கிறாள். மஞ்சள் கறை கண்ணெதிரே ரத்தச் சிவப்பாக மாறிவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை. மஞ்சளின் நிறப்பொருள் காரத்தில் சிவக்கும், எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விட்டால் திரும்ப மஞ்சளாகிவிடும். குங்குமம் பிறப்பதே இந்த வித்தையில்தான். மஞ்சளை விரட்டுவது சோப்பைவிட வெயில்தான். சோப்புப் போட்டு எண்ணெயை எடுத்துவிட்டு, ஈரமாகவே நேர் வெயிலில் கறை மேலே தெரியும்படி விரித்துவிடுங்கள். இரண்டு, மூன்று வெயிலில் வெளுத்துவிடும். கலர் துணியில் இப்படிச் செய்தால் துணியின் சாயமும் சேர்ந்து வெளுக்கும், அதனால் அங்கே ஜாக்கிரதை.

மீன் வாடை. முதுநகர் துறைமுகத்துக்குப் போய் மீன் வாங்கிவந்த புடவையைச் சுடுதண்ணீரில் போடாதீர்கள். முதலில் பச்சைத் தண்ணீரில் அலசல், பிறகு சோப்பு, கடைசி அலசலில் ஒரு மூடி எலுமிச்சைச் சாறோ இரண்டு கரண்டி வினிகரோ. மீன் நாற்றத்துக்குக் காரணமான பொருள் கார வகை, அதனால் புளிப்புக்கு அடங்கும். மீன் கழுவிய கையில் புளி தேய்ப்பதும் இதற்குத்தான்.

துரு. கொடிக் கம்பி, கொக்கி, இரும்பு அதிகமுள்ள போர் தண்ணீர் எல்லாம் பழுப்புப் புள்ளி வைக்கும். எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி, காயாமல் பார்த்துக்கொண்டு வெயிலில் ஒரு மணி நேரம் வையுங்கள், பிறகு அந்த உப்பு போகும்வரை அலசுங்கள். இதற்கு பிளீச் போடவே கூடாது, கறை நிரந்தரமாகிவிடும். பிளீச் பற்றி இன்னொன்று: வினிகர், எலுமிச்சை, கழிப்பறை கழுவும் ஆசிட் எதோடும் அதைக் கலக்காதீர்கள். கிளம்புகிற வாயு நெஞ்சை அடைத்துவிடும்.

பூஞ்சைப் புள்ளி. வெள்ளைப் பருத்தி என்றால் வெந்நீரில் சோப்புத்தூள் போட்டு ஒரு ராத்திரி ஊறவைத்து வெயில் காட்டுங்கள், போகாவிட்டால் நிறையத் தண்ணீரில் கலந்த பிளீச். கலர் துணிக்கு எலுமிச்சையும் உப்பும். அதற்கு முன்னால், பூத்த துணியை வீட்டுக்குள் உதறாமல் வெளியே கொண்டுபோய் உதறுங்கள். உள்ளே உதறினால் மற்ற துணிக்கெல்லாம் விதைத்த மாதிரி.

சாயம் போகும் புதுத் துணி

கல் உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். நானும் பல வருடம் செய்தேன். துணிக்குச் சாயம் ஏற்றும்போது உப்பு உதவும் என்பது உண்மை. பட்டறையிலிருந்து வெளியே வந்த துணிக்கு வீட்டு உப்பால் பெரிய பலன் இல்லை. நம்மூரில் உப்பைத் துணியில் ஏற்றுவது வேறு வம்பு. புதுத் துணியை இரண்டு, மூன்று தடவை தனியாகப் பச்சைத் தண்ணீரில், ஊறவைக்காமல் அலசிக் காயப்போடுவதே போதும். அவுரி நீலமாக இருந்தால் சாயம் உதிர்ந்துகொண்டேதான் இருக்கும், அது அதன் சுபாவம். ஒரு காலத்தில் புதுச்சேரியிலிருந்து அவுரிச் சாயம் தோய்த்த நீலத்துணி ஆப்பிரிக்காவின் செனகல் வரைக்கும் கப்பலேறியது. கட்டியவர்கள் தோலிலும் நீலம் ஒட்டியிருக்கும் என்று நினைக்கிறேன்.

கஞ்சியும் இஸ்திரியும்

பருத்திப் புடவைக்கு நான் இன்னும் சேலத்துக்காரிதான், ஜவ்வரிசிக் கஞ்சிதான் போடுவேன். இரண்டு மேசைக்கரண்டி ஜவ்வரிசியை ஒரு லிட்டர் தண்ணீரில் கண்ணாடி மாதிரி ஆகும்வரை காய்ச்சி, மெல்லிய துணியில் வடிகட்டி, அரை பக்கெட் தண்ணீரில் கலக்குங்கள். இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டால் பெட்டியில் ஒட்டாது. புடவையை உள்பக்கம் வெளியே வரும்படி முக்கி, நிழலில் காயப்போடுங்கள். வெள்ளைக்குச் சொட்டு நீலம் போடுகிறவர்கள் ஒரு குவளைத் தண்ணீரில் முதலில் கரைத்துவிட்டுப் பிறகு பக்கெட்டில் ஊற்றுங்கள், நேராகச் சொட்டினால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும்.

ஆனால் மழைக்காலத்துக்கு மடித்து வைக்கிற துணியில் கஞ்சி இருக்கவே கூடாது. ராமபாணப் பூச்சிக்கு மாவுச்சத்து என்றால் விருந்து, பூஞ்சைக்கும் அதுதான் சோறு. புரட்டாசியில் கஞ்சியை அலசி எடுத்துவிட்டு வையுங்கள், தையில் மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

இஸ்திரிப் பெட்டியிலும் துணி லேபிளிலும் இருக்கிற புள்ளிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு புள்ளி சுமார் 110 டிகிரி, இரண்டு 150, மூன்று 200. பாலியஸ்டர் கலந்த பிளவுஸ் மூன்று புள்ளிச் சூட்டில் சுருண்டுவிடும். எது பட்டு, எது கலப்பு என்று சந்தேகம் வந்தால் ஓரத்திலிருந்து ஓர் இழை உருவி நெருப்பில் காட்டுங்கள். பட்டு என்றால் தலைமுடி கருகுகிற வாடை வரும், விரலில் நசுக்கினால் சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும்.

பட்டுப் புடவை, படிப்படியாக

இதுதான் என் புண்பட்ட இடம், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

உடுத்துவதற்கு முன்னால்: செண்ட் அடிப்பது, பவுடர் போடுவது எல்லாம் முடிந்து, அது காய்ந்த பிறகுதான் பட்டைத் தொடுங்கள். தோளில் ஊக்குக் குத்தும்போது ஊக்கில் ஒரு சின்ன பித்தானைக் கோத்துவிட்டுக் குத்தினால் பட்டு ஊக்கின் சுருளில் சிக்கிக் கிழியாது. தலையில் மல்லிகைச்சரம் என்றால் பிளவுஸின் முதுகைப் பார்த்துக்கொள்ளுங்கள், நசுங்கிய பூ பழுப்புக் கறை வைக்கும்.

உடுத்தி வந்த பிறகு: அன்று ராத்திரியே மடிக்கக் கூடாது. அறைக்குள் கொடியில் பழைய பருத்தித் துண்டைப் போட்டு அதன்மேல் புடவையைத் தொங்கவிடுங்கள். மறுநாள் காலை மேல்காற்றில் இரண்டு மணி நேரம், நிழலில். ஒருமுறை கட்டியதற்கெல்லாம் துவைக்க வேண்டியதில்லை. கீழ் ஓரத்தில் மண் இருந்தால் காய்ந்த பிறகு மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள்.

துவைப்பதானால்: கனத்த ஜரிகைப் புடவையை வீட்டில் நனைக்காதீர்கள். ஜரிகை இல்லாத மெல்லிய பட்டை மட்டும் வீட்டில் பார்க்கலாம். அதற்கும் முதலில் ஒரு சோதனை: ஈரமான வெள்ளைத் துணியை உள்மடிப்பு ஓரத்தில் வைத்து ஒரு நிமிடம் அழுத்துங்கள். வெள்ளையில் சாயம் ஏறினால் சலவைக் கடைக்குத்தான். ஏறாவிட்டால், எட்டுப் பத்துப் பூந்திக்கொட்டையை விதை எடுத்து ராத்திரி ஊறவைத்து, காலையில் கசக்கி வடிகட்டிய நுரையில் ஐந்து நிமிடம் முக்கி எடுத்து, உப்பில்லாத தண்ணீரில் அலசுங்கள். முறுக்கிப் பிழியக் கூடாது, துண்டில் சுருட்டி அமுக்கினால் போதும்.

வைக்கும்போது: பழைய, பலமுறை துவைத்த, கஞ்சியில்லாத வெள்ளை வேட்டித் துண்டில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம், செய்தித்தாள் வேண்டாம், ரப்பர் பேண்ட் அறவே வேண்டாம். ஜரிகையில் இருப்பது வெள்ளிக் கம்பி, அதன்மேல் தங்க முலாம். மலிவு ஜரிகையில் செம்புக் கம்பிமேல் வெள்ளி முலாம். வெள்ளியைக் கறுக்கவைப்பது கந்தகம், ரப்பரில் அது உண்டு. ஈரம் சேர்ந்தால் வேலை இன்னும் சீக்கிரம் நடக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்து, பழைய மடிப்பு விழுந்த இடத்தில் விழாதபடி மாற்றி மடியுங்கள். மடிப்பில்தான் ஜரிகை ஒடியும், பட்டு கிழியும்.

கறுத்த ஜரிகையில் புளி, எலுமிச்சை, பற்பசை எதையும் தேய்க்காதீர்கள். நான் புளியைத் தேய்த்துப் பார்த்தேன். கறுப்போடு தங்க நிறமும் சேர்ந்து போய், அந்த இடம் மட்டும் நரைத்த மாதிரி இருக்கிறது.

பூச்சிக்கு: ரசகற்பூர உருண்டை போடுகிறவர்கள் துணியில் படாமல் சின்னப் பையில் கட்டி மேல் தட்டில் வையுங்கள், அதன் ஆவி கீழ்நோக்கி இறங்கும். அதையும் சூடத்தையும் ஒன்றாக வைத்தால் இரண்டும் கசிந்து கறை வைக்கும். கைக்குழந்தைத் துணி இருக்கிற தட்டில் உருண்டையே வேண்டாம். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இருக்கிற ஒரு நொதிக் குறைபாட்டால், அந்த ஆவி பட்டால் ரத்த அணுக்கள் சிதைந்துபோகும். என் வீட்டில் வசம்பும் வெட்டிவேரும்தான். வெட்டிவேருக்கு நாம் வேறெங்கும் போக வேண்டாம், கடலூருக்குத் தெற்கே நொச்சிக்காடு, தியாகவல்லிப் பக்கம் கடலோர மணலிலேயே பயிர் செய்கிறார்கள். ஒரு பிடி வேரை நன்றாகக் காயவைத்து மெல்லிய துணியில் முடிந்து தட்டுக்கு ஒன்று வையுங்கள். பூச்சியை முழுக்க விரட்டிவிடும் என்று சத்தியம் செய்ய மாட்டேன், பீரோ திறக்கும்போது வருகிற வாசனைக்கே வைக்கலாம்.

பீரோவுக்கே கொஞ்சம்

வெளிச்சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி, காலுக்குக் கீழே மரத்துண்டு கொடுத்து நிறுத்துங்கள். மழையில் ஊறிய சுவரை ஒட்டி நின்றால் பின்தகட்டின் உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருக்கும். தட்டை முக்கால் பங்குக்கு மேல் திணிக்காதீர்கள். ஈரம் இழுக்க அடுப்புக்கரியைத் துணிப்பையில் கட்டி வைக்கலாம், ஆனால் மாதம் ஒருமுறை வெயிலில் காயவைத்தால்தான் மறுபடி இழுக்கும். கடையில் விற்கிற ஈர உறிஞ்சி டப்பா இதைவிட வேகமாக வேலை செய்யும், அதில் தண்ணீர் நிறைந்ததும் துணியில் கொட்டாமல் எடுப்பதில்தான் சாமர்த்தியம். தோல் பெல்ட்டையும் செருப்பையும் துணியோடு வைக்காதீர்கள், முதலில் பூப்பது அவைதான்.

கவரிங் நகைக்கு மட்டும் விதி தலைகீழ். வியர்வையைத் துடைத்து, பஞ்சு வைத்து, காற்றை வெளியேற்றி ஜிப் கவரில் மூடுங்கள். கறுத்த வெள்ளிக் கொலுசை அலுமினியத் தாள் விரித்த பாத்திரத்தில் வைத்து, ஒரு கரண்டி சமையல் சோடா போட்டு வெந்நீர் ஊற்றினால் பத்து நிமிடத்தில் கறுப்பு இறங்கும். கல் பதித்ததை இதில் போட வேண்டாம். இதே வித்தையை ஜரிகைக்குச் செய்யலாமா என்று கேட்காதீர்கள், பட்டு தாங்காது.

வெள்ளம் புகுந்துவிட்டால்

2011 டிசம்பர் 30-ல் தானே புயல், 2015 வெள்ளம், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் என்று பார்த்துவிட்டோம். புயல் எச்சரிக்கை வந்ததும் எங்கள் வீட்டில் முதல் வேலை, பீரோவின் கீழ் இரண்டு தட்டையும் காலி செய்து பரண்மேல் ஏற்றுவது. பட்டு, குழந்தைத் துணி, போர்வை இந்த வரிசையில். அந்த இரண்டு நாளைக்கு மட்டும் பிளாஸ்டிக்கில் கட்டலாம், புயல் போனதும் அவிழ்த்துவிட வேண்டும்.

நனைந்துவிட்டால் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்து வைக்காதீர்கள், ஒரே நாளில் சாயம் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஏறிவிடும். கலர் வாரியாகப் பிரியுங்கள். சேறு இருக்கும்போது சோப்புப் போடாமல், நல்ல தண்ணீரில் தெளிவாக வரும்வரை அலசுங்கள். சாக்கடை கலந்த தண்ணீர் என்றால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பருத்தியை வெந்நீரில் சோப்புத்தூளோடு ஊறவையுங்கள். வெயில் இல்லாவிட்டால் மெஷினில் இரண்டு தடவை சுற்றவிட்டு, கொடியில் துணிக்குத் துணி ஒரு சாண் இடைவெளி விட்டு மின்விசிறியைத் திருப்பிவிடுங்கள். பட்டு நனைந்திருந்தால் நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசி, பிழியாமல் நிழலில் விரித்து, காய்ந்ததும் சலவைக் கடைக்கு.

பீரோ நனைந்திருந்தால் துணியை எடுத்த கையோடு உள்ளே துடைத்து, கதவைத் திறந்து போட்டு, நாலு நாள் காற்றாட விடுங்கள். புயல் வருகிற மாதங்களில் மேல்காற்று அடிக்காது, ஈரமான வாடைக்காற்றுதான் அடிக்கும். அதனால் மேசை விசிறியை உள்ளே பார்த்து வையுங்கள். பூட்டுத் துவாரத்தில் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு சாவியை நாலு தடவை திருப்பிவையுங்கள். ஃபெஞ்சலுக்குப் பிறகு எங்கள் பீரோ துருவேறித் திறக்காமல், பூட்டு ரிப்பேர்காரர் வருவதற்குள் உள்ளே இருந்த இரண்டு போர்வை பூத்துவிட்டன.